காசியோ கீபோர்டுக்கு மாற்று அடாப்டர்: ரவுட்டருடையது பொருந்துகிறது, போடலாமா?

சயான்வாசி
ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். வீடு மாறியபோது மகளுடைய கீபோர்டின் அடாப்டர் தொலைந்துவிட்டது. மும்பை சயான் கோலிவாடாவிலேயே இரண்டு தெரு தள்ளித்தான் மாறினோம். ஊர் விட்டு ஊர் போய்த் தொலைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கீபோர்டு காசியோ, அறுபத்தொரு கட்டை. என் தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அடியில் ஒட்டியிருந்த தாள் தேய்ந்து, மாதிரி எண் தெரியவில்லை. ஆறு பெரிய பேட்டரி போட்டால் நன்றாகவே பாடுகிறது. ஆனால் மகள் தினமும் ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறாள். பேட்டரிக்கு ஆகும் செலவில் இன்னொரு பாட்டு வாத்தியாரையே வைத்துவிடலாம்.

பழைய வைஃபை ரவுட்டரின் அடாப்டர் ஒன்று வீட்டில் கிடக்கிறது. 12 வோல்ட், 1 ஆம்பியர். அதன் முனை கீபோர்டுக்குள் கச்சிதமாகப் போகிறது. செருகிப் பார்த்தேன், சுவிட்ச் மட்டும் போடவில்லை. போடலாமா?


தகரக்கொட்டகை
ஞாயிறு, இரவு 8.30

தாராளமாகப் போடுங்கள். என் மகனுடைய கீபோர்டு இரண்டு வருடமாக ரவுட்டர் அடாப்டரில்தான் ஓடுகிறது. அதுவும் 12 வோல்ட்தான். கம்பெனி அடாப்டர் என்று சொல்லிப் பணம் பிடுங்குவதுதான் இவர்களுடைய வேலை.


ஓம் விதி
ஞாயிறு, இரவு 8.41

மேடம், முதலில் அந்த அடாப்டரைக் கீபோர்டிலிருந்து உருவி வேறு அறையில் வையுங்கள். யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிடப் போகிறார்கள்.

முனை பொருந்துவது ஒரு தகுதியே இல்லை. ரவுட்டர், டேபிள் விளக்கு, சிசிடிவி, கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முனை வருகிறது. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1 அல்லது 2.5. உள்ளே வரும் மின்சாரம்தான் வேறு வேறு. ஒரே அளவுச் சாவித்துளை இருப்பதால் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று ஆகிவிடாது.

எனக்கு மூன்று விவரம் வேண்டும்: எத்தனை வோல்ட், நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா, எவ்வளவு மின்னோட்டம். தாள் தேய்ந்தால் தேயட்டும். பின்பக்கம் சாக்கெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கிலேயே எழுத்து இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.


பற்றாசு
ஞாயிறு, இரவு 9.05

தாராவியில் இந்த வேலைதான் செய்கிறேன், ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, ஹோம் தியேட்டர் எல்லாம். அக்கா, ஆறு பேட்டரி என்றால் ஆறு தரம் ஒன்றரை, 9 வோல்ட். கணக்கு அவ்வளவுதான். 12 கொடுக்காதீர்கள்.

தகரக்கொட்டகை அண்ணன் மாதிரிச் சொல்பவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது, அதனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.


சயான்வாசி
ஞாயிறு, இரவு 9.48

டார்ச் அடித்தும் தெரியவில்லை. கருப்பின் மேல் கருப்பு. பூஜை அலமாரியிலிருந்து விபூதியை எடுத்து விரலால் தேய்த்துத் துடைத்தேன், எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது!

‘டிசி 9 வோல்ட்’ என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு படம்: நடுவில் கறுத்த புள்ளி, அதைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு வளைவு. புள்ளியிலிருந்து ஒரு கோடு போய்க் கழித்தல் குறியில் முடிகிறது. பிறையிலிருந்து போகும் கோடு கூட்டல் குறியில். கீழே 7.7 வாட் என்றும் இருக்கிறது. ரவுட்டர் அடாப்டரிலும் இதே படம்தான், ஆனால் புள்ளி கூட்டலில் போய் முடிகிறது.


ஓம் விதி
ஞாயிறு, இரவு 10.02

விபூதி வைத்தியம் எனக்குத் தெரியாமல் போயிற்றே. குறித்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்ன படத்துக்குப் பொருள்: முனையின் உள்துளை நெகட்டிவ், வெளி உறை பாசிட்டிவ். காசியோவின் பழைய ஏடி-5 அடாப்டர் இப்படித்தான் இருக்கும், 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இன்று விற்கும் பெரும்பாலான அடாப்டர்கள் நேர் எதிர். ஆகவே ரவுட்டர் அடாப்டர் உங்களுக்கு இரட்டைத் தவறு: வோல்ட்டும் கூடுதல், துருவமும் தலைகீழ். இதில் இரண்டாவதுதான் கொல்லும்.

மின்னோட்டம்: 7.7 வாட்டை 9 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 0.86 ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். 2 ஆம்பியர் வாங்கினாலும் கெடுதல் இல்லை, கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருப்பதால் வீட்டுக் குழாய் வெடித்துவிடுவதில்லை. வோல்ட் அப்படியில்லை. அது தொட்டி இருக்கும் உயரம் மாதிரி.


தகரக்கொட்டகை
திங்கள், காலை 7.15

படித்தவர்கள் பயமுறுத்துவதில் கெட்டிக்காரர்கள். பழைய குண்டு அடாப்டர் ஒன்றில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 13 காட்டியது. காசியோக்காரனே 13 கொடுக்கும்போது நான் 12 கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?


ஓம் விதி
திங்கள், காலை 8.50

நல்ல கேள்வி. கிண்டலாகச் சொல்லவில்லை.

நீங்கள் பார்த்தது டிரான்ஸ்பார்மர் வைத்த, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாத அடாப்டர். அதில் எழுதியிருக்கும் 9, முழுச் சுமை, அதாவது கருவி முழு மின்சாரத்தையும், இழுக்கும்போது வரும் அளவு. சுமையே இல்லாமல் மீட்டர் மட்டும் வைத்தால் 12, 13 காட்டுவது சகஜம். கீபோர்டைப் போட்டு வாசிக்க ஆரம்பித்ததும் கீழே இறங்கிவிடும். ரவுட்டர் அடாப்டர் எஸ்எம்பிஎஸ் வகை, அதாவது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று உள்ளது, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதிகப்படியான 3 வோல்ட் உள்ளே வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டரிலும் ஆம்ப்ளிஃபயர் சிப்பிலும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ஒரே நாளில் சாகாது. மே மாதத்து மும்பையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள்.


ஐந்து கட்டை
திங்கள், மதியம் 1.20

செம்பூரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடமும் ஒரு பழைய காசியோ உண்டு, அதற்கு நடைபாதைக் கடையில் ஒரு பலவகை அடாப்டர் வாங்கினேன். திருகினால் 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று மாறும், முனையைத் திருப்பிச் செருகினால் துருவமும் மாறும். கீபோர்டு வேலை செய்கிறது. ஆனால் யாரும் வாசிக்காதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம்.

அந்த ரீங்காரம் கிட்டத்தட்ட ஐந்து கட்டை சுருதியில் (மேற்கத்திய முறையில் ஜி) இருக்கிறது, சரியாக ஐந்தில்கூட இல்லை, சற்று மேலே. என்னிடம் வரும் பெண் குழந்தைகளில் பாதிப்பேர் பாடுவது ஐந்து கட்டை சுருதியில். தம்புராவையும் இதையும் சேர்த்து வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் சுருதி விலகி உடன் பாடுவது போல் இருக்கிறது. இதற்கு என்ன காரணம்?


ஓம் விதி
திங்கள், மதியம் 2.05

உங்கள் காதுக்கு ஒரு நமஸ்காரம்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அடாப்டருக்குள் நான்கு டையோடுகள் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவுகள்) அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது அலையின் கீழ்ப் பாதியும் மேலே மடங்கி 100 ஆகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கெபாசிட்டர் போதாமலோ வற்றியோ போனால் அந்த 100 மிச்சமிருந்து ஸ்பீக்கர் வரை வந்துவிடும். ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி ஸட்ஜம் விநாடிக்கு 98. ரீங்காரம் 100. அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேலே நிற்கும். நீங்கள் கேட்டது அதையேதான்.

அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். இன்னொரு ஆபத்தும் அதில் உண்டு: திருகும் இடம் தளர்ந்தால் 9-லிருந்து 12-க்குத் தானாக நகர்ந்துவிடும்.


பற்றாசு
திங்கள், இரவு 10.30

துருவம் மாறினால் என்ன ஆகும் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். நல்ல கீபோர்டில் சாக்கெட்டை ஒட்டி ஒரு டையோடு இருக்கும். சிலவற்றில் மின்சாரம் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தலைகீழாக வந்தால் கதவு மூடிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. சிலவற்றில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைகீழாக வந்தால் அது தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். டையோடு மாற்றுவது பத்து நிமிட வேலை. இரண்டுமே இல்லாததும் வருகிறது. அதைத் திறக்கும்போதே கருகல் வாசனை வரும், நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முதலில் உட்காரச் சொல்வேன்.

இன்னொன்று. ‘அடாப்டர் போய்விட்டது’ என்று என்னிடம் கொண்டுவருவதில் பாதி, அடாப்டர் போனதே இல்லை. பிள்ளைகள் வயரில் கால் தடுக்கி இழுத்து இழுத்து, உள்ளே சாக்கெட் சர்க்யூட் போர்டோடு சேரும் இடத்தில் ஈயம் விரிசல் விட்டிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஈயத்தைச் சுற்றி மெல்லிய வட்டம் மாதிரித் தெரியும். வயரை ஆட்டினால் உயிர் வந்து போகும். அதற்குப் புது அடாப்டர் வாங்கிப் பயனில்லை.

மழைக்காலத்தில் நம் ஊரில் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதிலும் கடலோரத்து வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.


மழைக்கால ரயில்
செவ்வாய், காலை 9.10

பற்றாசு அண்ணா, ஒரு சந்தேகம். என்னுடையது யமஹா பிஎஸ்ஆர் வகை. இதிலும் ஆறு பேட்டரிதான், சின்னவை. உங்கள் கணக்குப்படி 9 வோல்ட். ஆனால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் 12 என்றும் நடுமுனை பாசிட்டிவ் என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?


பற்றாசு
செவ்வாய், காலை 9.40

சாக்கெட்டை நம்புங்கள். என் கணக்கு காசியோவோடு நின்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். யமஹாவில் பேட்டரி வழி வேறு, அடாப்டர் வழி வேறு. யமஹா அடாப்டர்களில் பிஏ-130, பிஏ-150 இரண்டும் 12 வோல்ட். மேடையில் வாசிக்கும் பெரிய யமஹா சிலவற்றுக்கு பிஏ-300சி, அது 16 வோல்ட்.


ஓம் விதி
செவ்வாய், காலை 10.15

தகரக்கொட்டகை ஐயா, உங்கள் மகனுடையது யமஹாவா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.


தகரக்கொட்டகை
செவ்வாய், இரவு 9.00

யமஹாதான்.


ஐந்து கட்டை
செவ்வாய், இரவு 9.04

அதுதான் இரண்டு வருடமாக ஓடியிருக்கிறது. ராசியான ரவுட்டர்.


ஓம் விதி
செவ்வாய், இரவு 9.30

சயான்வாசி மேடம், கடைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. ‘காசியோ அடாப்டர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். காசியோ இப்போதைய சிறிய கீபோர்டுகளுக்குக் கொடுப்பது ஏடி-இ95100எல். அது 9.5 வோல்ட், 1 ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ். அரை வோல்ட் வித்தியாசத்தை உங்கள் கீபோர்டு பொறுத்துக்கொள்ளும், துருவத்தைப் பொறுக்காது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், தலைமுறைக்குத் தலைமுறை எதிர்த்துருவம்.

பெயரிலேயே கணக்கு இருப்பது ஒரு வசதி. 95100 என்றால் 9.5 வோல்ட், 1.00 ஆம்பியர். 12150 என்றால் 12 வோல்ட், 1.50 ஆம்பியர். பெட்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். கிதார்க்காரர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் எஃபெக்ட் பெடல்களுக்கு வழக்கமாக 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ்தான். இசைக்கருவிக் கடையில் அதைக் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆனால் ஆம்பியரைப் பாருங்கள். பெடலுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும் என்பதால் சில அடாப்டர்கள் 200, 500 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும்.


மழைக்கால ரயில்
செவ்வாய், இரவு 10.10

ஆம்பியர் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டிருக்கிறேன். அவசரத்துக்கு 12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் ஒன்றைப் போட்டேன். மெதுவாக வாசித்தால் ஒன்றுமில்லை. சத்தத்தை முழுதாக வைத்து, தாளத்தை ஓடவிட்டு, இடது கையில் நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் திரை அணைந்து மறுபடி ‘வெல்கம்’ என்று எழுந்திருக்கும். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் மூன்று தரம் வெல்கம் சொன்னது. அடாப்டர் தோசைக்கல் மாதிரிச் சுட்டது.


சயான்வாசி
சனி, மாலை 6.40

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போய் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் இன்றே அரை நாள் விடுப்பு போட்டேன். சயானிலிருந்து தாதர், அங்கே வண்டி மாறி கிராண்ட் ரோடு. மழை வேறு.

முதல் கடையில் நடந்தது ஓம் விதி சார் சொன்ன அதேதான். ‘காசியோ ஒரிஜினல்’ என்று ஒரு பெட்டியை நீட்டினார். 9.5. படத்தில் புள்ளி கூட்டலில் முடிந்தது. கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த விபூதிப் படத்தைக் காட்டி, இது வேறு என்றேன். ‘சப் ஏக் ஹி ஹை, பாபி’ என்றார். எல்லாம் ஒன்றுதானாம்! வேண்டாம் என்று நடந்துவிட்டேன். போன வாரமாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நாலாவது கடையில் ஒரு பெரியவர். படத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை எடுத்தார். எஸ்எம்பிஎஸ் வகை, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தன. அது நடுமுனை பாசிட்டிவ். வயரை நடுவில் வெட்டி, இரண்டு இழைகளையும் மாற்றி முறுக்கி, ஈயப் பற்று வைத்து, கருப்புக் குழாய் மாட்டிச் சூடு காட்டினார். குழாய் சுருங்கி வயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு முனையை உள்ளே விட்டு, கருப்பை வெளியே தொட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார்: கழித்தல் 9.1. கழித்தல் குறியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. வேலைக்கும் சேர்த்து 280 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரிகளைக் கழற்றினேன், அப்புறம் செருகி சுவிட்ச் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. தொட்டால் வெதுவெதுப்புத்தான். ரீங்காரம் இல்லை.


பற்றாசு
சனி, மாலை 7.20

அக்கா, அந்தப் பெரியவர் தொழில் தெரிந்தவர். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அடாப்டர் மேலேயே துருவம் மாற்றியது என்று பெயின்ட் மார்க்கரில் எழுதுங்கள். அதன் மேல் அச்சடித்த படம் இப்போது பொய் சொல்கிறது. நாளை யாராவது அதை ரவுட்டரில் மாட்டினால் ரவுட்டர் போய்விடும்.

கீபோர்டின் பின்பக்கம் வயரைச் சுற்றிவைக்க ஒரு கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் ஒரு சுற்றுச் சுற்றினால், யாராவது தடுக்கினாலும் இழுப்பு சாக்கெட்டுக்குப் போகாது.


சயான்வாசி
ஞாயிறு, காலை 11.00

எழுதிவிட்டேன், கொக்கியும் இருக்கிறது. ஒரு புதுத் தொல்லை. மகள் வாசிப்பதைப் பதிவு செய்ய ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டேன். உடனே ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். அடாப்டர்தான் தப்பா?


ஓம் விதி
ஞாயிறு, காலை 11.25

லேப்டாப்பின் சார்ஜரை உருவிவிட்டு, பேட்டரியில் வைத்துப் பதிவு செய்து பாருங்கள்.


சயான்வாசி
ஞாயிறு, காலை 11.31

நின்றுவிட்டது.


ஓம் விதி
ஞாயிறு, காலை 11.50

கீபோர்டு அடாப்டர், லேப்டாப் சார்ஜர் என்று இரண்டு எஸ்எம்பிஎஸ்களும் உங்கள் வயர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. பதிவு செய்யும்போது மட்டும் லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், மற்ற நேரம் எப்படியும் இருக்கலாம்.


ஐந்து கட்டை
திங்கள், இரவு 8.15

நானும் பலவகை அடாப்டரை ஒழித்துவிட்டு 9 வோல்ட் ஒன்று வாங்கிவிட்டேன். இன்று வகுப்பில் ஒரு குழந்தை, “சார், தம்புரா இன்றைக்கு நல்லா இருக்கு” என்றாள். தம்புரா அதே தம்புராதான்.


சயான்வாசி
மூன்று மாதம் கழித்து, புதன், இரவு 9.45

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். நவராத்திரிக்குப் பொம்மைப் பெட்டியை இறக்கினோம். தசாவதார செட்டில் கூர்மாவதாரத்துக்கும் வராகத்துக்கும் நடுவில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான பொட்டலம். பிரித்தால் காசியோ ஏடி-5. இது பொம்மை என்று நினைத்துச் சுற்றி வைத்தது நானா, மாமியாரா என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

இப்போது வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. சுமை இல்லாமல் வைத்துப் பார்த்தேன். தகரக்கொட்டகை சார், 13.1 காட்டுகிறது. கீபோர்டை மாட்டி, சத்தத்தை முழுதாக வைத்து, மகளை இரண்டு கையாலும் அழுத்தச் சொல்லிவிட்டு, பேட்டரிப் பெட்டிப் பக்கம் தேடாமல் அடாப்டர் வயரில் தோல் உரிந்திருந்த இடத்திலேயே முள்ளை வைத்தேன்: 9.4.


பற்றாசு
புதன், இரவு 10.02

அக்கா, வயரில் தோல் உரிந்திருக்கிறதா? முதலில் அதைக் கழற்றுங்கள்.